ஒன்றரை மணி நேரத் தொலைவில்

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டோம். லாரியில் எல்லாம் பத்திரமாக வந்தது, நீ கொடுத்த கண்ணாடி அலமாரியைத் தவிர. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேறு யார் வாயிலாவது கேட்டால் நீ ஆடித் தீர்ப்பாய்.

வீடு தெருவின் கடைசியில் இருக்கிறது. அதற்கப்புறம் வயல்தான். இரண்டு அறை, ஒரு நீளச் சமையலறை, எந்தக் கதவும் முழுதாகச் சாத்தாது. அதெல்லாம் கிடக்கட்டும். வாலு முதல் ராத்திரியே இருமாமல் தூங்கினாள், அக்கா. அங்கே நகரத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு இழுத்துக்கொண்டிருப்பாளே, அந்தப் பிள்ளை இங்கே குப்புறப் படுத்துக் காலை நீட்டித் தூங்குகிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. சத்தமே இல்லையே என்று பயந்து, எழுந்து எழுந்து அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன்.

இவருக்குத்தான் கஷ்டம். ஸ்டேஷன்வரை சைக்கிள், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் ரயில், அப்புறம் பஸ். "உக்காந்துதானே போறேன், அதுல என்ன கஷ்டம்" என்கிறார்.

வீட்டில் போன் எடுக்காது. ஸ்டேஷன் மேம்பாலத்தில் ஏறி நின்றால்தான் பேசலாம். அங்கே ஊரே நின்று தன் குடும்ப விஷயத்தைக் கத்திக்கொண்டிருக்கிறது. அதனால் எழுதுகிறேன். பேசினால் நான் அழுவேன், நீ திட்டுவாய். எழுதினால் இரண்டு பேரும் கொஞ்சம் யோசித்துச் செய்வோம். நம் தபால்காரர் இவர்தான். உறையை ஒட்டித் தருகிறேன். பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை என்பது உனக்கே தெரியும்.

ஒரு உதவி. லிஃப்ட் மெக்கானிக் வேலைக்கு நேரம் காலம் கிடையாது. எங்காவது யாராவது நடுவில் மாட்டிக்கொண்டால் அவர்களை வெளியே எடுத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். கடைசி ரயில் போய்விட்டால் அன்று மட்டும் உன் வீட்டில் தங்கிக்கொள்ளலாமா? ஒரு பாய் போதும்.

உன் தங்கை


ஜூன் 27

என் அருமைத் தங்கச்சிக்கு,

பதிலுக்கு இத்தனை நாளாகிவிட்டது, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. பள்ளிச் சீருடைக் காலம், தலைக்கு மேல் வேலை. உன் தபால்காரர் கடைக்கே வந்துவிட்டார். ஆல்டரேஷன் அறையில் மூன்று மெஷினும் ஓடிக்கொண்டிருக்க, கதவில் நின்று உறையை நீட்டுகிறார். கூட வேலை செய்கிற பெண்கள் என்னைக் கேலி பண்ணியே ஒரு வழி ஆக்கிவிட்டார்கள்.

ஒரு பாய் போதும் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? உன் அத்தான் போனதிலிருந்து முன்னறை சும்மாதானே கிடக்கிறது. மாற்றுச் சாவியை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டேன். நான் வேலை முடிந்து வரும்வரை வாசலில் நிற்க வேண்டாம் பார். போன வாரம் ஒரு நாள் வந்து தங்கினார். பூனை மாதிரி வந்து பூனை மாதிரி போனார்.

அலமாரிக்காக ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் காட்டுக்குப் போகாதே என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டதை ஞாபகம் வைத்துக்கொள். வாலு தூங்குகிறாள் என்று படித்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதி இருக்கிறது.

இன்னொன்று. உன் வீட்டுக்காரருக்குப் பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, பெல்ட்டின் தயவில் தொங்குகிறது. கழற்றித் தரச்சொல்லி இரண்டு பக்கமும் பிடித்துக் கொடுத்தேன். நீ சோறு போடுகிறாயா, இல்லையா?

உன் அக்கா


ஜூலை 25

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வாலு சௌக்கியம். அவளுடைய மூச்சு ஸ்பிரே அலமாரி மேல் தட்டில் தூசி படிந்து கிடக்கிறது. பள்ளிக்கூட வேனிலிருந்து குதித்து வீடுவரை ஓடியே வருகிறாள். ஓடாதே என்று கத்த வாயெடுத்துவிட்டு, அப்புறம் ஏன் ஓடக்கூடாது என்று வாயை மூடிக்கொள்கிறேன்.

எனக்கு ஸ்டேஷன் பக்கத்துச் செடி நர்சரியில் வேலை கிடைத்திருக்கிறது. பையில் மண் நிரப்பி நாற்று ஊன்றவேண்டும். பல் டாக்டர் கிளினிக்கில் ஏசியில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தவள் இப்போது நகக்கண்ணெல்லாம் மண்ணோடு திரிகிறேன். நர்சரிக்காரம்மாவுக்கு வாய் நீளம், கை தாராளம்.

சொல்லவேண்டியது இவரைப் பற்றித்தான். வாலு எழுவதற்கு முன் போகிறார், தூங்கிய பிறகு வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு அப்பா. அன்றும் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுகிறார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் விரல்களை மடக்கி மடக்கி நிமிர்த்திக்கொண்டிருக்கிறாள். போன வாரம் ரயிலிலேயே தூங்கி எங்கள் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டார். காப்பி டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. அந்தக் கையோடுதான் கம்பிக் கயிற்றில் தொங்குகிற லிஃப்டின் தலைமேல் நின்று வேலை செய்கிறார். யாருக்காக வந்தோமோ அவள் மூச்சு விடுகிறாள், இவருக்கு மூச்சு முட்டுகிறது.

வாரம் இரண்டு நாள் அங்கே தங்குகிறாராம். உனக்குத் தொந்தரவு இல்லையே?

உன் தங்கை


ஆகஸ்ட் 19

என் அருமைத் தங்கச்சிக்கு,

தொந்தரவாம், தொந்தரவு. இந்த வீட்டில் ஒழுகுகிற குழாய் இப்போது ஒன்றுகூட இல்லை. அழைப்பு மணி அடிக்கிறது. ஒற்றை ஆளுக்கு என்ன சமையல் என்று காலையில் வைத்ததையே ராத்திரியும் தின்றுகொண்டிருந்தேன், உனக்குத் தெரியும். இப்போது மார்க்கெட்டில் நின்று இது வாங்கலாமா, அது வாங்கலாமா என்று யோசிக்கிறேன். காய்க்காரர்கூட, "வீட்ல விருந்தாளியா?" என்கிறார். "என் தங்கச்சி மாப்பிள்ளை" என்று சொன்னேன்.

பாயில் படுத்தால் முதுகு என்னாவது? மடக்குக் கட்டில் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன்.

நீ எழுதியதைப் படித்த அன்றே முடிவு பண்ணிவிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை இங்கே. வெள்ளி சாயந்திரம் ரயிலேறி அங்கே. நானே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். முதலில் தயங்கினார், அப்புறம் சரி என்றார். கை நடுக்கம் இப்போதே குறைந்திருக்கிறது. நீயும் நிம்மதியாக இரு.

உன் அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நிம்மதியாகத்தான் இருக்கிறேன். ஏழு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறேன், சாத்துகிற அளவுக்கு. தெருவிளக்கு எங்கள் வீட்டுக்கு முந்தைய வீட்டோடு நின்றுவிடுகிறது. கரன்ட் போனால் வாலுவுக்குக் கதை சொல்லவேண்டும். என்னிடம் இருந்த கதையெல்லாம் தீர்ந்துவிட்டது.

முடிவு பண்ணுவதற்கு முன் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அது வேறு விஷயம்.

வெள்ளிக்கிழமை வருகிறார். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்து, துண்டு எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்கிறார். சாப்பாட்டில் உப்பு குறைந்தால்கூட ஒன்றும் சொல்வதில்லை. முன்பெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டுச் சண்டை போடுவார். அந்தச் சண்டைக்கு நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நாங்கள் பேசுவதெல்லாம் வாலுவைப் பற்றித்தான். அவள் தூங்கிவிட்டால் பேச்சும் தூங்கிவிடுகிறது.

வருகிற புதன்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அப்பா வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அவரை எப்படியாவது கிளப்பி அனுப்பு. இதை நான் சொன்னால் சுமையாகத் தெரிகிறது. நீ சொன்னால் கேட்கிறார்.

உன் தங்கை


அக்டோபர் 3

என் அருமைத் தங்கச்சிக்கு,

புதன்கிழமைக்காக அவர்மேல் கோபப்படாதே. மனுஷன் கிளம்பிவிட்டார். செருப்பெல்லாம் போட்டாகிவிட்டது. வெளியே மழை கொட்டுகிறது, முந்தின நாள்தான் காய்ச்சலில் படுத்திருந்தார். நான்தான், "கூட்டம் அடுத்த மாசமும் வரும், உடம்பு வருமா?" என்று தடுத்துவிட்டேன். திட்டுவதானால் என்னைத் திட்டு. நான் தாங்குவேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. ஜூனில் பேன்ட்டில் பிடித்தேனே, அந்தத் தையலைப் போன வாரம் பிரித்துவிட்டேன். இப்போது கச்சிதமாக நிற்கிறது. ராத்திரி சாப்பிட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து அன்றைக்கு எந்த லிஃப்டில் யார் மாட்டினார்கள், எப்படி அலறினார்கள் என்று நடித்தே காட்டுகிறார். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. இவர் இவ்வளவு பேசுவார் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லையே.

நான் இன்னமும் சொல்கிறேன், மூட்டையைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடு. இங்கே இல்லாத டாக்டரா?

உன் அக்கா


நவம்பர் 8

அக்காவுக்கு,

இதைத் தபாலில் போடுகிறேன். இரண்டு வாரமாக அவர் இந்தப் பக்கம் வரவில்லை, யார் கையில் கொடுப்பது?

அறுவடை முடிந்து வயலில் மிச்சத் தாளைக் கொளுத்துவார்கள் என்பது எனக்குத் தெரியாது. இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று யாரும் சொல்லவும் இல்லை. நேற்று காலை பின்வயலில் வைத்த தீயின் புகை முழுவதும் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. கதவுதான் சாத்தாதே. ஈரத்துணியை இடுக்கில் திணித்துக்கொண்டிருக்கும்போதே வாலுவுக்கு இழுக்க ஆரம்பித்துவிட்டது. ஸ்பிரேயை அழுத்தினால் ஒன்றும் வரவில்லை. தேவைப்படவே இல்லை என்று நான் மாற்றாமலே விட்டிருந்தேன். உதடு நீலமாகிவிட்டது, அக்கா. நர்சரிக்காரம்மா செடி ஏற்றுகிற வண்டியில் எங்களைத் தூக்கிப்போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்த பிறகு அவருக்குப் போன் செய்தேன். அணைத்து வைத்திருந்தார். உனக்குச் செய்தேன். "ஒண்ணுமில்லக்கா, அவர் இருக்காரா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். "இப்பத்தான் சாப்ட்டுட்டுக் கண்ண மூடுனாரு. சாயந்திரம் எழுந்ததும் பேசச் சொல்றேன்" என்றாய். சரிக்கா என்று வைத்துவிட்டேன்.

பிள்ளை அப்படிக் கிடக்கும்போது ஏன் சரி என்றேன் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன். உன் குரல் அவ்வளவு மெதுவாக இருந்தது. அத்தானுக்கு அப்புறம், வீட்டில் ஒருவர் தூங்குகிறார் என்பதற்காக நீ குரலைத் தணித்து நான் கேட்டதில்லை. அதைக் கலைக்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது கண் திறந்திருக்கிறாள். பேசமுடியவில்லை. நான் என்ன செய்யவேண்டும் என்று நீயே சொல்.

தங்கை


நவம்பர் 13

என் தங்கமே,

நேற்று முன்தினம் உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அவரைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்திருப்பேனே. சாயந்திரம் எழுந்ததும் நீ கூப்பிட்டதைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறினார். உன்னைப் பார்க்கத்தான் போகிறார் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். மூன்று நாள் கழித்து வாய் திறக்காமல் வந்து நிற்கிறவரை என்னவென்று நினைப்பது?

நீ என்ன செய்யவேண்டும் என்று கேட்டாய். நீ ஒன்றும் செய்யவேண்டாம், நானே செய்துவிட்டேன். நேற்று வேலை முடிந்து வந்தார். நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அவர் துணிமணியை மடித்து வாசலில் வைத்திருந்தேன். "இது சத்திரமில்ல. உங்க பொண்டாட்டி புள்ள இருக்கிற எடத்துக்குப் போங்க" என்றேன். ஏதோ சொல்ல வந்தார், பேசவிடவில்லை. எதிர்வீட்டில் எட்டிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். சாவியை மேஜைமேல் வைத்தார். மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் போய்விட்டார்.

இனிமேல் தினமும் வீட்டுக்கு வருவார். வராமல் எங்கே போவார்? வாலுவை நன்றாகப் பார்த்துக்கொள். புது ஸ்பிரே இரண்டு இத்துடன் அனுப்புகிறேன்.

உன் அக்கா


நவம்பர் 30

அக்காவுக்கு,

ஸ்பிரே வந்தது. வாலு எழுந்து நடக்கிறாள். வீட்டுக்குள் மட்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அப்போதாவது எனக்குப் புரிகிறதா பார்க்கிறேன். நான் உனக்குக் கடிதம் எழுதி நர்சரிக்காரம்மாவிடம் கொடுத்தது ஞாயிறு காலை. அன்று சாயந்திரமே அவர் வீட்டுக்குப் போய், நர்சரியில் விசாரித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். வாலுவைப் பார்த்ததும் வார்டு என்றும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து அழுதார். மூன்று நாள் எங்களோடு இருந்தார். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் அவ்வளவு பேசியதில்லை. அவருடைய கம்பெனி ஏப்ரலில் இந்த டவுனிலேயே ஒரு சர்வீஸ் டிப்போ திறக்கிறது. அதற்குத் தன் பெயரைக் கொடுக்கிறேன் என்றார். அதுவரை வாரத்தில் இரண்டு நாள் மட்டும் உன் வீடு, மற்ற நாள் இங்கே. வாலுவை நடுவில் உட்காரவைத்து முடிவு செய்தோம். அந்தக் கடிதத்தை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

புதன்கிழமை உன்னிடம் ஒன்றும் சொல்லாதது, மேனேஜரிடம் பேசி உறுதியான பிறகு சொல்லலாம் என்றுதான். வியாழக்கிழமை பேசினார், உறுதியானது. அதைச் சொல்லத்தான் உன் வீட்டுக்கு வந்தார். நீ அவரைப் பேசவிடவில்லை.

சாவியை வைக்கும்போது உன் மேஜையில் தபால்தலை ஒட்டிய உறையைப் பார்த்திருக்கிறார். என் கையெழுத்து. அன்று கடைசி ரயிலில் வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று கேட்டார். "எனக்குத் தெரியாம அக்காவுக்கு லெட்டர் போட்டியா?" போட்டேன் என்றேன். "அஞ்சு மாசமா உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான்தான் சுமந்துகிட்டு அலைஞ்சேன். என்னைத் துரத்துறதுக்கு மட்டும் தபால்காரன் தேவைப்பட்டானா?" என்றார். நான் சொன்னது எதுவும் காதில் ஏறவில்லை. விடிந்ததும் போனவர் இன்னும் வரவில்லை. எங்கேயோ நாலு பேரோடு ஒரு அறையில் இருப்பதாகப் போனில் சொன்னார். எந்தத் தெரு என்றால் சொல்லமாட்டேன் என்கிறார்.

கட்டிலை என்னைக் கேட்காமல் போட்டாய். என்னைக் கேட்காமல் எடுத்தாய். அங்கே இருந்தவரை அவர் என்ன சாப்பிட்டார் என்றாவது எனக்குத் தெரிந்தது.

தங்கை


ஜனவரி 10

என் செல்லத் தங்கச்சிக்கு,

எத்தனை தடவை எழுதிக் கிழித்தேன் என்று கேட்காதே. கடைக்கு லீவு போட்டுவிட்டு அவர் கம்பெனிக்குப் போனேன். வரவேற்பறையில் ஒரு மணி நேரம் உட்காரவைத்து, அப்புறம் மேனேஜரே வந்தார். மாப்பிள்ளை டிப்போவுக்குக் கொடுத்த பெயரைத் திரும்ப வாங்கிவிட்டாராம். தூரத்துக் கிளை ஒன்றை அவராகவே கேட்டு வாங்கிக்கொண்டு, ஜனவரி பிறக்கும் முன்பே போய்விட்டாராம். ரயிலில் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகிற ஊர். "வீட்ல சொல்லலையா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்கு நிலம் விழுங்கிவிடாதா என்று இருந்தது.

உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்தால் ஏன் எனக்குச் சொல்லவில்லை?

உனக்கு நல்லது என்று நினைத்துத்தான் எல்லாம் செய்தேன். அது உனக்குத் தெரியும். நடந்தது நடந்துவிட்டது, ஆகவேண்டியதைப் பார்ப்போம். நீயும் வாலுவும் இங்கே வந்துவிடுங்கள். தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் நானே பேசிவிட்டேன், நடு வருஷத்திலும் சேர்த்துக்கொள்கிறார்கள். மூச்சு டாக்டர் ஒருவரிடமும் நேரம் வாங்கிவிட்டேன். வீட்டு ஓனரிடம் சொல்லி முன்னறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த நாள் வருகிறாய் என்று மட்டும் எழுது, லாரி நான் பார்த்துக்கொள்கிறேன்.

நான் தனியாக இருக்கிறேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அக்கா


பிப்ரவரி 2

அக்காவுக்கு,

அவர் போனது எனக்குத் தெரியும். போவதற்கு முன் ஸ்டேஷன் மேம்பாலத்துக்கு வரச்சொல்லி வாலுவை மட்டும் பார்த்தார். நான் படிக்கட்டின் கீழே நின்றேன். ரயில் வருவதற்குள் அவர் அவளிடம் என்ன சொன்னார் என்று அவள் இதுவரை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நாங்கள் அங்கே வரவில்லை. டாக்டர், பள்ளிக்கூடம், வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிடு. தீ வைப்பதற்கு முந்தின நாளே சொல்லி அனுப்பவேண்டும் என்று நர்சரிக்காரம்மா பின்வயல்காரரிடம் சண்டை போட்டு வாக்கு வாங்கியிருக்கிறாள். தீ வைக்கிற அன்றும் மறுநாளும் நாங்கள் அவள் வீட்டில் இருப்போம். மற்ற நாளெல்லாம் வாலு இங்கே தூங்குகிறாள். அவள் தூங்குகிற இடத்தில்தான் நான் இருக்கமுடியும்.

நீ எனக்குக் கெடுதல் நினைத்ததே இல்லை. நினைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். வாய்விட்டுத் திட்டிவிட்டு, ஆறு மாதத்தில் மறந்துவிட்டு, மறுபடியும் உன் வீட்டு வாசலில் வந்து நின்றிருப்பேன். இப்போது உன்மேல் கோபப்பட்டாலும் பாவமாக இருக்கிறது, படாவிட்டாலும் என்னால் தாங்கமுடியவில்லை. அதனால் கொஞ்ச காலத்துக்கு எழுதவேண்டாம். எவ்வளவு காலம் என்று எனக்கும் தெரியாது. நீ எழுதினால் பிரிக்கமாட்டேன், அது மட்டும் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள். ஒற்றை ஆள்தானே என்று காலையில் வைத்ததையே ராத்திரியும் சாப்பிடாதே.

வாலு உன்னைக் கேட்கிறாள். பெரியம்மாவுக்கு வேலை அதிகம், முடிந்ததும் வருவார் என்று சொல்லியிருக்கிறேன். அவள் அப்பாவைப் பற்றியும் அதையேதான் சொல்லியிருக்கிறேன்.

தங்கை